ஆட்டோவில் ஏறியவள்

"அந்தப் புள்ளைக்கு மெடல் குடுக்காதீங்க!"

லாபிர் முதலாளி போட்ட சத்தத்தில், ஹட்டன் மைதானத்தில் கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

அப்போதுதான் முடிவுக்கோட்டைத் தாண்டியிருந்தாள் சுதர்ஷினி. மற்றவர்களெல்லாம் எப்போதோ வந்து சேர்ந்து, பந்தலைப் பிரிக்க ஆரம்பித்திருந்த நேரம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள், தோட்டத்துக்கு ஆம்புலன்ஸ் வாங்கக் காசு சேர்க்க ஓட்டப்போட்டி என்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரைக்கும். முழுக்க ஏத்தம்.

"நீ முழுசா ஓடி முடி புள்ள, ஆம்புலன்சுக்குக் கொறையிற காச நான் போடுறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தவர்தான் லாபிர். டவுனில் துணிக்கடை வைத்திருப்பவர்.

"இந்த ரெண்டு கண்ணால கண்டேன்" என்றார் அவர். "கடை வாசல்ல நிக்கிறேன், இவ ஆட்டோவுல குந்திக்கிட்டுப் போறா. இப்போ ஓடி வந்த மாதிரி வந்து நிக்கிறா. இல்லேன்னு சொல்லு பாப்போம்!"

சுதர்ஷினி நிமிர்ந்தாள்.

"ஏறினது உண்மைதாங்க முதலாளி."

கூட்டம் முணுமுணுத்தது. போட்டியை நடத்திய நாகலெட்சுமி டீச்சரின் முகம் வாடிவிட்டது.

"என்ன சுதர்ஷினி இது? நல்ல காரியத்துக்கு ஓடுறதுலயா?"

"வர்ற வழியில றொசல்லைக்கிட்ட குளவி கலைஞ்சிருச்சுங்க டீச்சர். கொழுந்தெடுத்துக்கிட்டிருந்த ஒரு அக்காவ மொய்ச்சிருச்சு. ரோட்டோரமா நெனவில்லாம கெடந்தாங்க. வந்த ஆட்டோவ மறிச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்."

லாபிரின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் விடவில்லை.

"அது நல்ல காரியம்தான் புள்ள. அதுக்காக? பாதித் தூரம் ஆட்டோவுல வந்துட்டு ஓடி முடிச்சேன்னு சொல்லலாமா?"

"சட்டப்படி ஏறினாலே தப்புன்னா எனக்கு மெடல் வேணாங்க. ஆம்புலன்சுக்கு மட்டும் இல்லேன்னு சொல்லிறாதீங்க."

அவள் பேசி முடிக்குமுன் மைதான வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதை ஓட்டிவந்த அழகுமுத்து இறங்கி ஓடிவந்தான்.

"தங்கச்சி! ஆஸ்பத்திரிக்கு மறுபடி போய்ப் பாத்துட்டுத்தான் வாறேன். அந்தம்மா கண்ணு முழிச்சுட்டாங்க!"

அதுவரை நின்றுகொண்டிருந்த சுதர்ஷினி, புல்லில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

லாபிர் அழகுமுத்துவைப் பிடித்துக்கொண்டார். "நீதானே இவள ஏத்திக்கிட்டு வந்தது? ஒளிக்காமச் சொல்லு, எங்க எறக்கிவிட்டே?"

அழகுமுத்து அவரை ஒரு மாதிரி பார்த்தான்.

"ஆஸ்பத்திரி இந்த மைதானத்தையும் தாண்டித்தானேங்க இருக்கு? திரும்பி வாறப்போ, 'களைச்சுப்போயிருக்கியே தங்கச்சி, இந்த வாசல்லயே எறங்கிக்க'ன்னுதான் நானும் சொன்னேன். 'வேணாம்ணே, ஏறுன எடத்துலயே கொண்டுபோய் விட்டுருங்க'ன்னு றொசல்லைக்கே திருப்பச் சொல்லிருச்சுங்க."