எட்டாம் மாடி

அச்சம் நீக்கும் பயிற்சி எட்டாம் மாடியில் நடைபெற்றது. மின்தூக்கிக்கு அஞ்சிய தணிகாசலம் பத்து வாரங்களும் படியேறியே வந்தார். அதைச் சொல்ல நாணி, விண்ணப்பத்தில் மேடை அச்சம் என்று எழுதியிருந்தார். நிறைவு நாளில் தடுமாறாமல் பேசி, முதற்பரிசாகக் கேடயமும் பெற்றார். எல்லோரும் சென்றபின் படிக்கட்டுக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது.

"கீழ டைல்ஸ் ஒட்டுறாங்க சார், நாளைக்குத்தான் தொறப்போம்," என்றார் காவலாளி. "லிஃப்ட்ல போங்க. கப்பு வாங்குனவருக்கு என்ன பயம்?"

மின்தூக்கி மும்முறை திறந்து மூடியது. தணிகாசலம் வகுப்பறைக்குத் திரும்பி, விளக்கணைத்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் மெர்லினிடம் கேட்டார்: "அடுத்த பேட்ச் எப்பம்மா?"

"பேசிக்கிட்டே கீழ போவோம், வாங்க சார்."

மெர்லின் கேடயத்தை வாங்கிக்கொண்டு மின்தூக்கிக்குள் நுழைந்து, கதவு மூடாதபடி பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றார்.