நத்தைக்கு எதிராக ஒரு மனு

"சும்மா டீக்கடையில உக்காந்து பேசி என்னண்ணே ஆகப்போகுது? தைரியம் இருந்தா மனுவா எழுதிக் குடுங்க!"

நாகஜோதி இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அதுவும் தங்கமுத்துவிடம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனுவாவது கொண்டுபோகாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு மனு. எரிந்ததும், பகலிலும் எரிகிறது என்று இன்னொரு மனு.

"எழுதத்தான் போறேன் தாயி. கடலு எங்க இருக்கு, திண்டுக்கல்லு எங்க இருக்கு? குடிக்கிற தண்ணியே பத்து நாளைக்கு ஒருக்கா வருது. இவ கடல் நத்தை வளக்குறாளாம்!"

"அதையும் எழுதுங்க. ஆறு இல்ல, வாய்க்கா இல்ல, எல்லாத்தையும் எழுதுங்க. சாக்கடைகூட இல்லேல்ல, அதை விட்டுறாதீங்க!"

ஸ்கூட்டியை உறுமவிட்டுக் கிளம்பினாள்.

நாகஜோதியும் புருஷன் ஆனந்த்ராஜும் கொரியாவில் ஐந்து வருடம் அபலோன் பண்ணையில் வேலை பார்த்தவர்கள். அபலோன் என்பது ஒற்றை ஓட்டோடு பாறையில் ஒட்டிக்கிடக்கும் கடல் நத்தை. பெரிய ஓட்டல்களில் அதற்கு ராஜ மரியாதையாம். ஊருக்குத் திரும்பியதும் இருவரும் செம்பட்டி ரோட்டில் வீட்டை ஒட்டியே கொட்டகை போட்டு, வரிசையாகத் தொட்டி கட்டி, ஒரே தண்ணீரைச் சுத்தம் செய்து சுற்றிவிட மோட்டாரும், குளிரவைக்க மிஷினும் வைத்துவிட்டார்கள்.

"நத்தைக்கு ஏசி போட்டிருக்காடி! எங்க வீட்டுல ஃபேனே ஓட மாட்டேங்குது" என்று எதிர்வீட்டு செபஸ்தியம்மாள் பத்து வீட்டுக்குச் செய்தி வாசித்தாள்.

எல்லாம் தயார், நத்தைதான் பாக்கி. நம் கடலில் இல்லாத இனம் என்பதால் கொண்டுவர அரசாங்க அனுமதி வேண்டும். விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. ஏன் என்று யார் கேட்டும், புருஷனிடம்கூட, நாகஜோதி வாயைத் திறக்கவில்லை. அவள் சொல்லாவிட்டால் தெருவுக்குத் தெரியாதா என்ன? கடலில்லாத ஊருக்கு எவன் கொடுப்பான்!

இதற்கிடையே, தொட்டிகளைச் சோதித்துப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து டேங்கர் லாரியில் கடல்தண்ணீர் வந்தது. டேங்கரைப் பார்த்ததும் தெருவே குடத்தோடு ஓடியது. முதல் குடம் பிடித்த செபஸ்தியம்மாள் ஒரு வாய் குடித்துத் துப்பிய துப்பு, அடுத்த தெரு வரை கேட்டது. அந்தக் கோபத்தில் மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது.

ஆனந்த்ராஜுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அந்த ஆளை எதுக்குடி உசுப்பிவிட்ட? மூணாவது தடவையும் திருப்பிட்டாங்கன்னா அம்புட்டுத்தான். தொட்டியில மாட்டுக்குக் கழனித்தண்ணி ஊத்த வேண்டியதுதான்."

"எத்தனை பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்களாம்?"

"எழுபத்து மூணு."

"இம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு தோசையை அவன் தட்டில் போட்டாள்.

ஒரு வாரத்தில் மீன்வளத்துறை அதிகாரி இளஞ்செழியன் ஜீப்பில் வந்தார். கொட்டகையை நான்கு பக்கமும் சுற்றினார். தெருவில் மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று விசாரித்தார். "எங்கயும் போகாது சார், தேங்கிக் கொசுதான் வரும்" என்று தெரு ஒரே குரலில் சொன்னது.

அடுத்த மாதம் ஜீப் மறுபடி வந்தபோது, தங்கமுத்து கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நாகஜோதி வீட்டு வாசலில் நின்றார். பின்னால் தெருவே நின்றது. தோற்பதைப் பார்க்கத்தானே கூட்டம் சேரும்!

அதிகாரி ஒரு கவரை நாகஜோதியிடம் நீட்டினார். "வாழ்த்துகள்மா. அனுமதி வந்துருச்சு."

ஆனந்த்ராஜ் மனைவியைக் கூட்டத்தின் நடுவிலேயே தூக்கிச் சுற்றினான்.

"சார்!" தங்கமுத்துவின் குரல் கீச்சிட்டது. "அப்ப எங்க மனு?"

இளஞ்செழியன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க மனுவாலதான் ஐயா கிடைச்சுது! வெளிநாட்டு நத்தை தப்பிச்சுக் கடல்ல கலந்துட்டா நம்ம நத்தைக்கு ஆபத்துன்னு கடலோரத்துல கேட்ட யாருக்குமே குடுக்கல. இங்கேருந்து ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கடலுக்குப் போகாதுன்னு ஆதாரம் கேட்டுத்தான் இவங்களையும் ரெண்டு தடவை திருப்பி அனுப்பினோம். நீங்க என்னடான்னா ஆறு இல்ல, வாய்க்கா இல்லன்னு எழுபத்து மூணு கையெழுத்தோட எழுதியே குடுத்துட்டீங்க!"

தங்கமுத்து மெல்லத் திரும்பினார். நாகஜோதி கவரை விசிறிக்கொண்டே சிரித்தாள்.

"சாக்கடையை விட்டுறாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்லண்ணே?"