அடுத்த பொறுப்பாளர்

நட்சத்திர ஆமை தன்னை வளர்ப்பவரைவிட அதிக நாள் வாழக்கூடும் என்பதால், உரிமம் புதுப்பிக்கும்போது அடுத்த இரண்டு பொறுப்பாளர்களின் பெயரையும் கொடுக்க வேண்டும்.

ஆய்வாளர் மணலின் சூட்டையும் ஆமையின் ஓட்டையும் சோதித்தார். "பழம், கோஸ் எதுவும் குடுக்கலையே?"

"புல்லு, கள்ளி மடல், செம்பருத்தி இலைதான் சார்" என்றாள் கயல்விழி.

"உங்களுக்கு அப்புறம்?"

"என் மக நறுமுகை. இதோ நிக்கிறா. அவளுக்கு அப்புறம் அவ புள்ள. இன்னும் பொறக்கல, காலியா விடுங்க."

"காலியா விட்டா ஆமைய எடுத்துட்டுப் போயிடுவோம்மா."

நறுமுகை படிவத்தை வாங்கி, 'அரசு ஆமைக் காப்பகம்' என்று எழுதினாள். "குழந்த வேணாம்னு நாங்க முடிவு பண்ணி ரெண்டு வருஷமாச்சும்மா. சொல்ல வாய் வரல."

கோபம் வரும் என்று கயல்விழி காத்திருந்தாள். வரவில்லை. ஆமையைப் பற்றிப் பேரப்பிள்ளைக்குச் சொல்ல வைத்திருந்தவை மட்டும் மிச்சமிருந்தன.

"சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும்" என்று ஆய்வாளர் பேனாவை நீட்டினார்.

கையெழுத்திட்டாள். பேனாவைத் திருப்பித் தராமல், காப்பகத்தின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதினாள்: 'செம்பருத்தி இலையைத் தரையில் போட்டால் தின்னாது. கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும்.'