பன்னிரண்டு மணிக் கோளாறு

"ஆள் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு. மீதியை நான் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி போனில்.

மெக்கானிக் தலையாட்டினான். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. "சரிங்க சார்" என்றான்.

முதலாளி கட்டும் புதுக் கட்டடத்தில் கலவை மெஷின் பத்து நாளாக அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நின்றுபோகும். அவனுக்குப் போன் வரும். கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, ஊரின் மறுகோடியிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு அவன் வந்து சேர மூன்று மணி ஆகிவிடும். வந்து பார்த்தால் மெஷின் ஒன்றுமே நடக்காததுபோல ஜம்மென்று சுற்றிக்கொண்டிருக்கும்.

மூன்று முறை கழற்றிப் பூட்டியாயிற்று. ஒரு குறையும் இல்லை. வாங்கி ஐந்து மாதம்கூட ஆகாத மெஷின்.

வேலைக்கு டிமிக்கி கொடுக்க எவனோ செய்கிற திருட்டுத்தனம் என்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்ததே அவன்தான். பதினைந்து வருஷத்தில் ஒரு ரிப்போர்ட்டைக்கூட அவன் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கலவை வராவிட்டால் அங்கே கூலிவேலை செய்யும் பதினெட்டுப் பேரும் ஹாயாக உட்காரலாம். ஆள் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவன்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

சூப்பர்வைசர் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. கழுத்தில் எந்நேரமும் விசிலோடு திரிகிறவர் அவர். டீ குடிக்கப் போனவன் ஒரு நிமிஷம் தாமதித்தால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஊதுவார்.

அன்றைக்கு யாருக்கும் சொல்லாமல் பதினொன்றரைக்கே வந்து, ஸ்விட்ச் பெட்டி இருக்கும் தகரக் கொட்டகையில் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டான் மெக்கானிக். அரை மணியில் சட்டையைப் பிழியலாம் போல ஆகிவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்ததற்கே கண்ணை இருட்டியது. வெளியே அஸ்திவாரம் இப்போதுதான் எழும்பியிருந்தது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

பன்னிரண்டு மணிக்கு ஒரு கை வந்தது. பெட்டியைத் திறந்தது. ஃபியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. வெளியே மெஷின் முனகிக்கொண்டே நின்றது.

சட்டைப் பைக்கு மேலே விசில் தொங்கியது.

"அண்ணே, நீங்களா?"

சூப்பர்வைசர் திடுக்கிட்டார். ஆனால் மழுப்பவில்லை. பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

"போன மாசம் ஒரு சித்தாள் பொண்ணு விழுந்துட்டா தம்பி. தெரியுமில்ல?"

மயக்கம் என்று அவனும் கேள்விப்பட்டிருந்தான்.

"விழறதுக்கு முன்னாடி, தண்ணி குடிக்கலாம்னு கலவைச் சட்டியை இறக்கினா. நான் விசில் ஊதினேன். மறுபடி தூக்கிட்டா."



பிறகு மெதுவாகச் சொன்னார். இத்தனை வெயிலில் வேலை செய்ததால் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டதாம். வாரத்தில் இரண்டு நாள் ரத்தத்தை மெஷினில் விட்டுத்தான் சுத்தம் செய்கிறார்களாம். வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறுவதும், வெளியில் வேலை செய்கிறவர்கள் இப்படி வந்து படுப்பதும் அதிகமாகிக்கொண்டே போகிறது, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை யாரையும் வெயிலில் நிறுத்தாதீர்கள் என்றாராம் டாக்டர். அதை அப்படியே போய் முதலாளியிடம் சொன்னதற்கு, வெயில் என்ன இன்றைக்குத்தான் புதுசாக அடிக்கிறதா என்று கேட்டாராம்.

"அதனாலதான் இப்படி. மூணு மணிக்கு நானே மாட்டிடுவேன். காலையில ஒரு மணி நேரம் முன்னாடி, சாயந்திரம் ரெண்டு மணி நேரம் கூட. வேலை ஒரு அடி பின்தங்கலை தம்பி, வேணும்னா அளந்து பாருங்க."

ஃபியூஸ் கட்டையை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"என் பேரைச் சொல்லிடுங்க. இருபத்திரண்டு வருஷ வேலை, போனாப் போகுது. வேலை செய்யறவங்க மேல பழி விழுந்துடக் கூடாது."

மெக்கானிக் வெளியே பார்த்தான். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, காம்பவுண்டுச் சுவரோரம் ஒரு சாண் நிழலில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் பிடரியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். இவர்கள் மேல்தான் திருட்டுத்தனம் என்று எழுதினோம் என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

போனை எடுத்தான்.

"என்ன, ஆளைப் பிடிச்சுட்டியா?" என்றார் முதலாளி.

"ஆள் இல்லை சார். நான்தான் தப்பா எழுதிட்டேன். மோட்டார் சூடாகுது. இந்த வெயில்ல பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் ஓட்டினா உள்ள கருகிடும். அப்புறம் என்ன செஞ்சாலும் தேறாது."

முதலாளி பதறிப்போனார்.

"ஐயோ, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? வெயில் குறையற வரைக்கும் மத்தியானம் அதைத் தொடவே வேண்டாம். மேல நிழலுக்கு நல்லதா ஒரு பந்தல் போடச் சொல்லு. பாவம், அதுவும் எவ்வளவுதான் சூட்டைத் தாங்கும்?"

எதிரில் இருந்த சூப்பர்வைசருக்கும் அது கேட்டது. அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"மெஷின் நாலடிதான் தம்பி. பந்தலை எவ்வளவு பெரிசாப் போடறது?"

"பதினெட்டுப் பேர் கால் நீட்டிப் படுக்கிற மாதிரி போடுங்கண்ணே. மெஷின் கொஞ்சம் பெரிசுன்னு ரிப்போர்ட்ல எழுதிக்கறேன்."