நீல வெல்வெட்

துணிகள் சுழன்று எழும்பியபோது அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

ஒரு கால்.

காலுக்குப் போட்டிருந்த துணியுறையின் தையல் விட்டு, விரலிலிருந்து கணுக்கால்வரை வெளியே தெரிந்தது. கணுக்காலில் பழைய தழும்பு. கொதிக்கும் பனையெண்ணெய் கொட்டி வந்தது. அன்று அலறிய குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான்.

திருவிழாவில் ஆடும் எகுங்குனுக்குக் கால் கிடையாது. உள்ளே மனிதனே கிடையாது. இறந்துபோன முன்னோர் துணியாக வந்து ஆடுகிறார், அவ்வளவுதான். அதற்கு மேல் பெண்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. தோல் தெரிந்துவிட்டால் ஆடியவனை ஊர் சும்மா விடாது.

மகன் காலையில் வயலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவளும் நம்பியவள் மாதிரித் தலையாட்டினாள்.

வருடத்துக்கு ஒரு புதுத் துணியைக் குடும்பத்தார் பழையதன்மேல் சேர்த்துத் தைப்பார்கள். இந்த வருடம் அவள் கொடுத்த நீல வெல்வெட். அது பறப்பதைப் பார்க்கத்தான் இவ்வளவு நேரம் வெயிலில் நின்றாள். இப்போது அது பறக்கவே கூடாது.

மேளம் வேகமெடுத்தது. அடுத்த சுற்று ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னால்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி மண்டியிட்டாள்.

காவலுக்கு நின்றவன் பிரம்பை ஓங்கினான். "துணியைத் தொட்டுடாதே!"

தொடவில்லை. குலப்புகழைப் பாட ஆரம்பித்தாள். புகழ் பாடினால் முன்னோர் நின்று கேட்டாக வேண்டும்.

நின்றது.

துணிகள் சரிந்து தரையில் படிந்தன. ஓரத்தில் பெருவிரல் மட்டும் இன்னும் வெளியே.

முகத்து வலைக்குப் பின்னாலிருந்து கரகரத்த குரல் வந்தது.

"என்ன வேணும், மகளே?"

பேசத் தெரிந்த நாளிலிருந்து அவளை அம்மா என்று மட்டுமே கூப்பிட்ட வாய்.

"என் பையன் வயலுக்குப் போயிருக்கான், அப்பா. காலைப் பத்திரமாப் பார்த்துக்கச் சொல்லுங்க."

மேளக்காரன் கையை நிறுத்தினான். பிரம்பு இன்னும் அவள் தலைக்கு மேல் இருந்தது.

பெருவிரல் மெல்ல உள்ளே போனது.

"சொல்றேன், மகளே."

அதற்குப் பிறகு அது சுழலவே இல்லை. துணி தரையில் புரள, கிழவரைப் போல அடிமேல் அடிவைத்துத் கிளம்பி வந்த தோப்புக்கே திரும்பியது.

இந்த வருடம் ஆட்டம் சரியில்லை என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். எல்லாம் அந்த வெல்வெட்டால்தானாம். கனம் தாங்கவில்லையாம்.

"ஆமா," என்றாள் அவள், முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே. "என் தப்புத்தான்."