சுத்தம் அக்கா வீட்டு டீ

"கக்கூஸ் கேஸ்ல போட்ட டீயா? அதுக்கு நான் பச்சைத் தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிடுவேன்!"

குடியிருப்போர் சங்கத் தலைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கதவுக் கைப்பிடியைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவுகிறவர். அடுக்குமாடியில் எல்லோருக்கும் அவர் 'சுத்தம் அக்கா'.

கீழ்த்தளக் கூடத்தில் தரைவரை துணி தொங்கிய மேசைமேல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாத்திரத்தில் டீ கொதித்தது. பக்கத்தில் இன்ஜினியர் பெண். கழிவறைக் கழிவிலிருந்தும் காய்கறிக் குப்பையிலிருந்தும் எரிவாயு எடுக்கும் தொட்டியைக் கட்டடத்தின் பின்புறம் அவள்தான் சோதனைக்காகக் கட்டியிருந்தாள். குழாய் வேலை முழுக்க சுத்தம் அக்காவின் கணவருடையது. ஓய்வுபெற்ற பிட்டர். கல்யாணமான நாளிலிருந்தே பேசும் பொறுப்பை மனைவியிடம் ஒப்படைத்துவிட்ட மனிதர்.

இன்று ஓட்டெடுப்பு. பாதிப் பேருக்குமேல் வேண்டாம் என்றால் தொட்டியை மூடிவிடுவார்கள். திட்டம் வேறு கட்டடத்துக்குப் போய்விடும்.

"அக்கா, கொஞ்சம் மனசு வையுங்க," என்றார் தரைத்தளத்துத் தையல்காரம்மா. "சிலிண்டர் பதிஞ்சுட்டு வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கேன். வந்தபாடில்லை. பேக்கிங் பலகையை உடைச்சு எரிச்சுத்தான் சமையல். புகையில என் பொண்ணு இருமி இருமித் துவண்டு போறா."

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. அதுக்காகக் கண்டதையும் எரிச்சுச் சாப்பிட முடியுமா?"

"ஒரே ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க அக்கா," என்று டம்ளரை நீட்டினாள் இன்ஜினியர் பெண்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினார். அடுத்த நொடி ஜன்னலுக்கு ஓடித் துப்பினார்.

"ஐயய்யே! வாடை குடலைப் பிடுங்குது!"

அதுவரை ருசித்துக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக டம்ளரைக் கீழே வைத்தார்கள். ஏற்கெனவே இரண்டு டம்ளர் காலி செய்திருந்த பஸ் கண்டக்டர், "ஆமா, எனக்கும் இப்பத்தான் லேசா அடிக்குது," என்றார்.

"உங்களுக்கு ரெண்டு டம்ளர் உள்ளே போனப்புறம்தான் மூக்கு வேலை செய்யுமா?" என்று தையல்காரம்மா கேட்க, கூடமே சிரித்தது. சிரித்தார்களே தவிர, யாரும் டம்ளரைத் திரும்ப எடுக்கவில்லை. தையல்காரம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

அக்கா தன் பையிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுத்தார்.

"இப்படித்தான் ஆகும்னு தெரிஞ்சே கொண்டாந்தேன். இதைக் குடிங்க. என் வீட்ல, என் அடுப்புல, என் கையால இப்பத்தான் போட்டது."

ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். கண்டக்டர் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"டீன்னா இதுல்ல டீ!"

தையல்காரம்மாவுக்கும் பொய் சொல்ல வரவில்லை. "நல்லாத்தான் இருக்கு," என்றார் முணுமுணுப்பாக.

"இருக்காதா பின்னே? இந்த மனுஷன் போன வாரம் அதிசயமா அவரே பர்னரைக் கழட்டித் தொடைச்சு மாட்டிக் குடுத்தார். அன்னியிலேர்ந்து ஜம்முனு எரியுது. நெருப்பு சுத்தமா இருந்தாத்தான் சோறும் சுத்தமா இருக்கும்." அக்கா இன்ஜினியர் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீயும் குடிச்சியேம்மா, உன் வாயாலேயே சொல்லு. எது நல்லா இருக்கு? உன் அடுப்பு டீயா, என் அடுப்பு டீயா?"

அவள் பிட்டரைப் பார்த்தாள். பிட்டர் கூரையைப் பார்த்தார்.

"சத்தியமா உங்க அடுப்பு டீதான் அக்கா."

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? அவளே ஒத்துக்கிட்டா! இனிமே என்ன பேச்சு? என் வீட்டு அடுப்பு மாதிரி எரியற கேஸ் வேணும்கறவங்க அப்படியே இருங்க. இந்தக் கண்றாவி வேண்டாம்கறவங்க கையைத் தூக்குங்க!"

கைகள் மேலெழத் தொடங்கின. முதல் கை கண்டக்டருடையது.

பிட்டர் நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்தார். அவர் கூட்டத்தில் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை என்பதால், தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன.

"ஏங்க, உங்களுக்கு என்ன இப்போ?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லம்மா. ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி எல்லாரும் இதையும் பார்த்துடட்டுமேன்னுதான்."

அவர் குனிந்து மேசைத் துணியை மெல்ல உயர்த்தினார். அடியில் ஒரு சிலிண்டர் இருந்தது.

"நீ துப்பினியே, அந்த டீ கொதிச்சது நம்ம வீட்டு சிலிண்டர்ல. தொட்டியிலேர்ந்து வர்ற குழாயைப் போன வாரமே நம்ம அடுப்புல மாட்டிட்டேம்மா."