செப்டம்பர் பனி

"பனி விழறதுக்கு முன்னாடியே கீரையில கை வைக்கிறீங்களே, பிரதர் லூசியஸ். ஓர்லீன் பார்த்தா உங்க தோலை உரிச்சிடுவா" என்றாள் பக்கத்து வீட்டு வெர்டெல், வேலிக்கு அப்பாலிருந்து.

லூசியஸ் நிமிரவில்லை. காலர்ட் கீரைச் செடியின் அடி இலைகளை ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டிருந்தார். உறைபனி பட்டால்தான் இந்தக் கீரை இனிக்கும் என்பது தெற்குக் கரோலினாவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவர் மனைவி ஓர்லீன் அதில் ரொம்பக் கறார். பனிக்கு முன் பறித்த கீரை அவள் அடுப்பில் ஏறியதே இல்லை என்று ஊரே சொல்லும்.

இப்போது அவள் படுத்த படுக்கை. ஒரு வாரமாக எதைக் கொடுத்தாலும் தள்ளிவிடுகிறாள். பனி விழட்டும், கீரை சாப்பிடுகிறேன் என்கிறாள். இது அக்டோபர் தொடக்கம்தான்.

"நர்ஸ் என்ன சொன்னாங்க?"

"கீரை வெந்த சாறாவது கொடுங்க, சத்தெல்லாம் அதுலதான் இறங்கியிருக்குன்னாங்க. பனிக்காலம் வரைக்கும் தாங்குவாளான்னு கேட்டேன். என் தோளைத் தட்டிட்டுக் கிளம்பிட்டாங்க."

வெர்டெல் குரலைத் தாழ்த்தினாள். "உங்க அம்மா கடைசியா படுத்திருந்தப்போ பனி முன்னாடியே வந்துச்சுன்னு சொல்வீங்களே, அது மாதிரி சீக்கிரமே வந்தாலும் வரும்."

"அது கடவுளா பார்த்து அனுப்பினது. செப்டம்பர்ல இங்க பனி விழுந்து யாராவது கேள்விப்பட்டிருக்காங்களா? நான் லாரியோட ஒஹாயோவுல மாட்டிக்கிட்டேன். ஓர்லீன்தான் போன்ல சொன்னா. அம்மா கடைசியா வயிறார சாப்பிட்டது அந்தக் கீரைதான்."

சர்ச்சில் அவர் இந்தக் கதையைச் சொல்லாத வருடம் கிடையாது. சொல்லும்போதெல்லாம் கண் கலங்கிவிடும். இன்றும் கலங்கியது. இலைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் மதியம், புகை போட்ட வான்கோழிக் கழுத்தோடு வேகவைத்த கீரையைக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். ஓர்லீன் முதலில் சாற்றை உறிஞ்சினாள். பிறகு ஒரு வாய் கீரை.

"பனி விழுந்துடுச்சா?"

"விடிகாலையில. நீ முழிக்கறதுக்குள்ள உருகிடுச்சு." பொய் சொல்லிப் பழகாத மனிதர். குரல் தடுமாறியது.

கிண்ணத்தை அவள் காலி செய்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சாப்பிடுவதைப் பார்க்க அவருக்கு அப்படியொரு நிம்மதி.

"ஃப்ரீசர்ல எவ்வளவு நேரம் வச்ச?"

லூசியஸ் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு ராத்திரி. எப்படிக் கண்டுபிடிச்ச?"

ஓர்லீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அம்மாவுக்கு நான் ரெண்டு ராத்திரி வச்சேன்."